ஐஸ் கொம்பனியில் மத்தியானச் சாப்பாடு

1986 செப்ரெம்பர் 16, செவ்வாய்

ரைப்ரைட்டரில் ‘ற’ ஒட்டிக்கொள்கிறது. ஊர்காவற்றுறைக் கந்தோரில் வேலை செய்கிறவளுக்கு இதைவிடத் தொல்லை வேறு என்ன? கடிதத்தின் முதல் வரியிலேயே இரண்டு தரம் விரலால் இழுத்து விட வேண்டியிருக்கிறது.

மத்தியானம் சாப்பாட்டுப் பார்சலைப் பிரிக்கும்போது யன்னலால் பார்த்தேன். ஐஸ் கொம்பனிக் கூரையால் புகை. இரண்டு வருஷமாகப் பூட்டிக் கிடக்கிற இடம். கடலுக்குப் போகத் தடை வந்து, மீனும் இல்லை, ஐஸும் வேண்டாம் என்றான பிறகு கடற்றொழிலாளர் சங்கம் கதவை இழுத்துச் சாத்தியதுதான். ஓடிய காலத்தில்கூட அங்கே புகை வந்து நான் காணவில்லை. குளிர் செய்கிற இடத்தில் என்ன நெருப்பு?

பெரிய கிளாக்கர் சிவபாதத்தாரைக் கேட்டேன்.

“இரண்டு மூண்டு பொம்பிளையள் சேந்து சாப்பாட்டுக் கடை துடங்கியிருக்கினமாம். பலகையும் இல்லை, ஒண்டும் இல்லை. என்ன குடுக்கினம் எண்டு போனவனுக்குத்தான் தெரியும்.”

“நீங்கள் போனனீங்களோ?”

“நான் என்னத்துக்கு?” என்றார். ஆனால் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். போயிருக்கிறார்.

செப்ரெம்பர் 18, வியாழன்

இன்றும் புகை. தேங்காய் வறுக்கிற மணம் கந்தோர் வரைக்கும் வந்தது. என் புட்டு காய்ந்துபோயிருந்தது.

செப்ரெம்பர் 22, திங்கள்

முத்திரை வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுக் குடையோடு துறைமுகப் பக்கம் நடந்தேன். தபாற்கந்தோர் மற்றப் பக்கம் இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.

வாசலில் பெரிய தண்ணீர்க் குழாய். வருகிறவர்கள் அதில் கை கழுவிவிட்டு உள்ளே போகிறார்கள். பஸ்காரர், வள்ளக்காரர், பள்ளிக்கூடத்து மாஸ்ரர் ஒருவர். போனவர்கள் அரை மணித்தியாலம் கழித்து வெளியே வந்தார்கள். எல்லோர் முகத்திலும் ஏதோ ஒரு இது. பசி தீர்ந்த முகம் மட்டும் இல்லை. ஏதோ பார்த்துவிட்டு வருகிற முகம்.

நான் உள்ளே போகவில்லை. என்ன பயம்? கடையில் பெண் சாப்பிட்டால் என்ன நடக்கும்? இதுவரைக்கும் ஒருத்தியும் செய்து பார்த்ததாகத் தெரியவில்லை.

செப்ரெம்பர் 25, வியாழன்

போனேன்.

எழுதி வைக்கிறேன்: முப்பத்தெட்டு வயதில் முதல் தரமாக ஒரு கடையில் இருந்து சாப்பிட்டேன். இதுவரை தேத்தண்ணிகூட வெளியில் குடித்ததில்லை. யாழ்ப்பாணம் போனாலும் பசியோடு பஸ் ஏறி வேலணைக்கு வந்துதான் சாப்பாடு.

ஒரு முழத் தடிப்பில் கதவு. உள்ளே இருட்டு. கண் பழக நேரம் எடுத்தது. முதலில் கதிரை மேசையைத் தேடினேன். ஒன்றும் இல்லை. ஆட்கள் கதைக்கிறது கேட்கிறது, கோப்பைகள் தட்டுப்படுகிற சத்தமும் கேட்கிறது. ஆனால் ஒருவரையும் காணவில்லை. பிறகுதான் கண்டேன், தரையோடு தரையாகத் தலைகள். பத்துப் பன்னிரண்டு தலைகள்!

ஐஸ் உறைய வைக்கிற உப்புத்தண்ணித் தொட்டி அது. நிலத்துக்குள் நெஞ்சளவு ஆழம், ஒரு வகுப்பறை நீளம். தண்ணீரை இறைத்து, கழுவி, உள்ளே பழைய வள்ளத்துப் பலகைகளால் ஒரு நீட்டு மேசை போட்டிருக்கிறார்கள். ஐஸ் வார்க்கும் தகரப்பெட்டிகளைப் பாதியாக வெட்டிக் கவிழ்த்து, மேலே சாக்கு விரித்தால் அதுதான் இருக்கை. தொட்டிக்கு அந்தப் பக்கம், மெசினுக்குப் பக்கத்துச் சீமெந்துக் கட்டில் மூன்று அடுப்பு. புகை கூரை ஓட்டையால் போகிறது.

“பிள்ளை, ஏணியாலை இறங்குவியளோ? சீலைக்கரை தட்டும், பாத்து.”

கேட்டவருக்கு ஐம்பது வயதிருக்கும். பேர் மேரிஜோசப்பின் என்று பிறகு சொன்னார். புருஷன் கடலுக்குப் போக ஏலாமல் வீட்டில் கிழிந்த வலை பொத்துகிறாராம். இவரும் தங்கை கத்தரீனாவும் சங்கத்திடம் கெஞ்சி இடத்தை எடுத்திருக்கிறார்கள்.

“என்ன இருக்கு?” என்று கேட்டேன்.

“இண்டைக்கு என்னவோ அது இருக்கு.”

நாலு படி. இறங்கினேன். பஸ் சாரதி ஒருவர் ஒதுங்கி இடம் விட்டார். மேலிருந்து ஒரு கை வந்தது. பனையோலைப் பிளாவில் ஒடியற் கூழ், பனங்கிழங்கு மாவில் காய்ச்சியது. நண்டு, பயற்றங்காய், பலாக்கொட்டை. காரம் மூக்கில் ஏறி, கண்ணால் தண்ணீர் வந்து, எல்லோரும் பார்க்கப் பார்க்க மூக்கை உறிஞ்சி உறிஞ்சிக் குடித்தேன். எதிரே இருந்த மாஸ்ரரும் உறிஞ்சினார். வெட்கப்பட நேரமில்லை.

ஏன் இப்படி ஒரு தொட்டிக்குள்? ஏறி வரும்போது ஜோசப்பின் அக்காவைக் கேட்டேன்.

“மேலை முழுக்கக் குழாயும் நட்டும், பிள்ளை. கீழைதான் வெறும் இடம். குளிராயும் இருக்கு.” பிறகு கூரையை அண்ணாந்து பார்த்தார். “மற்றது, ஆமியின்ரை ஹெலி வந்தாலும் கீழை இருக்கிறது நல்லதுதானே.”

ஒக்ரோபர் 6, திங்கள்

கிழமைக்கு மூன்று நாளாவது போகிறேன். வீட்டில் சொல்லவில்லை. அண்ணைக்குச் சொன்னால் என்ன சொல்வார் என்று தெரியும். அவர் மனைவி, மச்சாள் மனோகரி, காலை நாலரைக்கு எழும்பிப் பார்சல் கட்டுகிறாள். அதை வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? நாய்க்குப் போடவும் மனமில்லை.

இன்றைக்குப் பார்சலை ஜோசப்பின் அக்காவிடமே கொடுத்தேன். அவர் பிரித்து மேசை நடுவில் வைத்துவிட்டார். பயற்றங்காய்ப் பிரட்டல் ஒரு நிமிஷத்தில் முடிந்தது.

“உது ஆற்றை கைப்பக்குவம்?” என்று ஒரு வள்ளக்காரர் கேட்டார். இன்னொருவர் வாழையிலையை வழித்தார்.

மனோகரிக்கு இதைச் சொல்ல வேண்டும் போலிருக்கிறது. சொல்லவும் முடியாது.

ஒக்ரோபர் 21, செவ்வாய்

திருக்கை மீன் வறை. வேறு எழுத ஒன்றும் இல்லை. இதுவே போதும்.

நவம்பர் 17, திங்கள்

இரவுச் சாப்பாட்டில் அண்ணை சொன்னார்: “ஐஸ் கொம்பனியிலை ஒரு கூத்து நடக்குதாம். சனத்தைக் குழிக்குள்ளை இறக்கி விட்டிட்டு, அவளவை மேலை நிண்டு சோறு போடுகினமாம். எங்கடை சாதி ஆக்களும் போய்க் கீழை இருக்கினமாம். வெக்கம் கெட்டதுகள்.”

நான் குனிந்து சோற்றைப் பிசைந்தேன். மேலே நிற்கிறவர் கீழே இருக்கிறவர் என்று நான் ஒரு நாளும் நினைக்கவில்லை. சாப்பிடும்போது கை எங்கிருந்து வந்தால் என்ன? ஆனால் அண்ணை சொன்ன பிறகு யோசித்துப் பார்த்தால், உண்மைதான். ஊரில் வேறு எங்கே இப்படி நடக்கும்?

ஊர்காவற்றுறைச் சந்தியில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிற ஏரம்பர், அண்ணையின் கூட்டாளி. அவருடைய கடையில் சனம் குறைந்துவிட்டதாம். அதுதான் சங்கதி.

நவம்பர் 19, புதன்

அண்ணை ஒரு தாளைக் கொண்டுவந்து தந்தார். பெட்டிசம், ஐஸ் கொம்பனிக் கடைக்கு எதிரான முறைப்பாடு. அவருடைய கையெழுத்து. ஏரம்பருக்குத் தமிழ் எழுத வராது, அண்ணைக்கு வரும். அண்ணைக்கு ரைப் அடிக்க வராது, எனக்கு வரும்.

“நாளைக்குக் கந்தோரிலை மூண்டு கொப்பி அடிச்சுக் கொண்டு வா. சுகாதாரப் பரிசோதகருக்கு ஒண்டு, சங்கத்துக்கு ஒண்டு, எங்களுக்கு ஒண்டு.”

ஐந்து குற்றச்சாட்டு. நாலாவது: “குடும்பப் பெண்கள் சிலரும் மேற்படி இடத்தில் ஆடவருடன் ஒரே மேசையில் அமர்ந்து உண்பதாக அறிகிறோம்.”

ஆர் அந்தச் சிலர்? அந்தத் தொட்டிக்குள் இறங்குகிற பெண் நான் ஒருத்திதானே. என்னைப் பன்மையில் எழுதி வைத்திருக்கிறார்.

நவம்பர் 20, வியாழன்

அடித்தேன். ஒரு எழுத்தும் மாற்றவில்லை. காபன் வைத்து மூன்று கொப்பி. மத்தியானம் ஜோசப்பின் அக்காவிடம் போகவில்லை. எந்த முகத்தோடு போறது.

வீட்டை வந்து அண்ணையின்ரை கையிலை குடுத்தன். குடுக்கேக்கை சொல்லிப்போட்டன். ஏன் சொன்னனான்? தெரியேல்லை. வாய் தன்ரை பாட்டிலை சொல்லிச்சுது: “அண்ணை, நாலாவதிலை சிலர் எண்டு இருக்கிறது நான்தான்.”

அண்ணை பேனையை எடுத்து நாலாவது வரியை வெட்டினார். “இதை விட்டிட்டுத் திருப்பி அடி.”

“ஏலாது.”

“என்ன?”

“மிச்ச நாலையும் அடிச்சுத் தாறன். ஆனா நான் அங்கை சாப்பிடேல்லை எண்டமாதிரி ஒரு கடிதம் என்ரை கையாலை அடிக்க ஏலாது.”

கதிரையைத் தள்ளிப்போட்டு எழும்பிப் போட்டார்.

குசினிக்கை போனன். மனோகரி அடுப்படியிலை நிண்டவள், எல்லாம் கேட்டிருக்கிறாள். இப்ப இவளும் தொடங்கப் போறாள் எண்டு நினைச்சன். “அப்ப நான் கட்டித் தாற பார்சல்?” எண்டு கேட்டாள். உள்ளதைச் சொன்னன், மேசையிலை வைக்கிறது, சனம் எடுத்துச் சாப்பிடுறது எல்லாம்.

கொஞ்ச நேரம் அகப்பையாலை கறியைத் துழாவினாள்.

“என்ன சொன்னவை? எந்தக் கறி நல்லம் எண்டவை?”

டிசெம்பர் 4, வியாழன்

அண்ணை பதினாலு நாளாக என்னோடு கதைக்கவில்லை. பெட்டிசம் வேறு ஒருவர் கையெழுத்தில் போயிருக்கிறது.

இன்றைக்குச் சுகாதாரப் பரிசோதகர் வந்தார். நான் மேசையில் இருந்தபோதே ஏணியால் இறங்கினார். கோப்பைகளைத் தடவிப் பார்த்தார், கிணற்றுத் தண்ணீரைப் போத்தலில் எடுத்தார், சுவரைச் சுரண்டினார். ஜோசப்பின் அக்கா கையில் அகப்பையோடு அப்படியே நின்றார்.

பிறகு அவர் மூக்கை உயர்த்தி, “இது என்ன மணம்?” என்று கேட்டார்.

“பூனை மூத்திரம், ஐயா. மழை நாளையிலை வருது. நாங்களும் கழுவிக் கழுவி விடுறம்” என்றார் கத்தரீனா.

அவர் பின்பக்கத் தகரத் தட்டியைப் பிரித்து உள்ளே போனார். உடனேயே கைலேஞ்சியால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடி வந்தார்.

“எல்லாரும் வெளியிலை போங்கோ. அடுப்பை நூருங்கோ. இப்பவே!”

பூனை இல்லை. அமோனியா. பழைய மெசினுக்குக் குளிராக்க விட்ட நச்சுக் காஸ், இரண்டு சிலிண்டர் அப்படியே விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். ஒன்றின் வாய் துருப்பிடித்துக் கசிகிறது. மூன்று மாதமாக நாங்கள் அதற்குப் பக்கத்தில் நெருப்பு மூட்டி, ஒரே கதவுள்ள இடத்தில் குழிக்குள் இருந்து கூழ் குடித்திருக்கிறோம்.

வெயிலில் நின்று எல்லோரையும் ஒரு தரம் எண்ணினேன்.

டிசெம்பர் 6, சனி

முன்பு மெசின் ஓட்டிய குருசுமுத்தர் வந்து, ஈரச் சாக்கைச் சுற்றி, சிலிண்டர் இரண்டையும் வண்டியில் வெறும் கடற்கரைக்குக் கொண்டுபோனாராம். பரிசோதகர் எழுதிக் கொடுத்தது மூன்று விஷயம்: பின்பக்கம் இன்னொரு கதவு உடைக்க வேண்டும், இரண்டாவது ஏணி வேண்டும், கோப்பைகளைக் கொதிதண்ணீரில் கழுவ வேண்டும். ஆர் எங்கே இருந்து சாப்பிடுகிறார்கள் என்பதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

அண்ணை சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார். போய் முன்னால் நின்றேன்.

“அண்ணை, உங்கடை பெட்டிசம் போகாட்டி எங்களிலை ஒருத்தரும் மிஞ்சியிருக்க மாட்டம்.”

துணி நின்றது. என்னை நிமிர்ந்து பார்த்தார். முகம் வெளிறியிருந்தது. “ம்” என்றார்.

பதினாறு நாளைக்குப் பிறகு ஒரு “ம்”.

1987 ஜனவரி 27, செவ்வாய்

தடை போட்டதால் பெற்றோல், டீசல் வருவதில்லை. பஸ் இல்லை. மனோகரியின் சைக்கிளில் போகிறேன். ஐஸ் கொம்பனியில் மரவள்ளிக்கிழங்கும் சம்பலும். இரண்டு கதவாலும் காற்று வருகிறது.

மார்ச் 9, திங்கள்

கிழங்கு. நேற்றும் அதுதானாம். ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. கத்தரீனா ஒவ்வொரு நாளும் சம்பலை வேறு விதமாக அரைக்கிறார்: ஒரு நாள் பச்சைமிளகாய், ஒரு நாள் செத்தல் மிளகாய், இன்றைக்கு மாங்காய்.

ஜூன் 3, புதன்

வடக்குக் கடல் பக்கம் விடிய முன்னமே குண்டுச் சத்தம். கந்தோருக்கு நாலு பேர்தான் வந்தோம். பத்து மணிக்கு ஹெலி இரண்டு தாழப் பறந்தது. சிவபாதத்தார் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். இரண்டு பேரும் ஐஸ் கொம்பனிக்கு ஓடினோம்.

தொட்டிக்குள் நாற்பது பேர் இருக்கும். கைக்குழந்தைக்காரிகளும் இருந்தார்கள். அடுப்பு மூட்டவில்லை. ஜோசப்பின் அக்கா வெறுந்தேத்தண்ணியும் பனங்கட்டித் துண்டும் கையில் கையில் கொடுத்தார். இன்றைக்கு அவரும் கீழேதான் இருந்தார்.

ஒருவரும் சாப்பிட வரவில்லை. ஆனால் உள்ளே வந்த எல்லோரும் வாசல் குழாயில் கை கழுவிவிட்டுத்தான் இறங்கினார்கள். ஓடிவந்த ஓட்டத்திலும். நானும் கழுவினேன். ஏன்?

ஓகஸ்ட் 11, செவ்வாய்

இந்திய இலங்கை ஒப்பந்தம் வந்து பதின்மூன்று நாள். வள்ளங்கள் போகின்றன! கந்தோர் யன்னலால் ஏழு எண்ணினேன். மத்தியானம் விளைமீன் பொரியல், ஒவ்வொருவருக்கும் முழு மீன். கத்தரீனா சிரித்ததை இன்றைக்குத்தான் கண்டேன்.

ஓகஸ்ட் 25, செவ்வாய்

சங்கத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள். மீன் வந்தால் ஐஸ் வேண்டும். குருசுமுத்தர் மெசினைக் கழற்றிப் பார்த்துவிட்டார், ஓடுமாம். மாத முடிவுக்குள் இடத்தை விட வேண்டும்.

“அவை சொல்லுறது நியாயம்தானே, பிள்ளை” என்றார் ஜோசப்பின் அக்கா. “என்ரை மனிசன் பிடிச்ச மீன் பழுதாப் போகட்டும், எனக்குக் கடை வேணும் எண்டு நான் சொல்ல ஏலுமோ?”

“வேறை இடம்?”

“ஆர் தருவினம்?”

கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுக் கந்தோருக்கு வந்தேன். ஒரு கடிதத்தில் நாலு பிழை.

ஓகஸ்ட் 31, திங்கள்

கடைசிச் சாப்பாடு. கூழ். கனபேர் நின்றுகொண்டே குடித்தார்கள். சாரதி ஒருவர் பஸ்ஸைச் சனத்தோடு வாசலில் நிறுத்திவிட்டு வந்து குடித்தார். பஸ்ஸுக்குள் இருந்தவர்களும் இறங்கி வந்துவிட்டார்கள்.

செப்ரெம்பர் 5, சனி

ஒரு கிழமையாக ஒரே யோசனை. வேலணையில் யாழ்ப்பாண றோட்டோரம் ஒரு காணி, எங்கள் தகப்பன் அப்பு என் பேரில் எழுதி வைத்தது. அதில் ஒரு பழைய கிட்டங்கி, அண்ணை புகையிலை போட்டு வைக்கிறார். நல்ல உயரமான கூரை. பஸ் நிற்கிற இடம்.

காலையில் அலுமாரியைத் திறந்து காணி உறுதிப் பத்திரத்தை எடுத்து வாசித்தேன். என் பேர்தான். பரிமளம். வேறு ஒருவர் பேரும் இல்லை.

கிட்டங்கியை ஜோசப்பின் அக்காவுக்குக் கடை நடத்தக் கொடுக்கப் போகிறேன் என்று அண்ணையிடம் சொன்னேன்.

“விசரோ உனக்கு? அது உன்ரை சீதனமெல்லே. நாளைக்கு ஒரு கலியாணம் சரிவந்தா—”

“அண்ணை, எனக்கு முப்பத்தொன்பது.”

அவருக்கு அது தெரியாததுபோல என்னைப் பார்த்தார். இந்த வீட்டில் ஒருவரும் அந்த எண்ணைச் சத்தமாகச் சொன்னதில்லை. நானும் சொன்னதில்லை. சொன்ன பிறகு அது அவ்வளவு பாரமாக இல்லை.

“ஏரம்பர் என்ன நினைப்பார்?” என்றார். குரலில் பழைய வேகம் இல்லை.

“ஏரம்பற்றை கடை ஊர்காவற்றுறையிலை. இது வேலணையிலை.”

மனோகரி வாசற்படியில் நின்றாள். “வெள்ளிக்கிழமையிலை மீன் மச்சம் காய்ச்ச ஏலாது, வேலணையிலை ஒருத்தரும் சாப்பிடாயினம்” என்றாள். “அண்டைக்கு மரக்கறி ஆர் காய்ச்சுறது? அவைக்கு எங்கடை மரக்கறி வருமோ?”

அண்ணை அவளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விட்டார்.

செப்ரெம்பர் 13, ஞாயிறு

நான் எழும்ப முதல் அண்ணை கிட்டங்கியில். புகையிலை முழுவதையும் வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார். உதவி செய்யப் போனேன். “தள்ளி நில், தும்மல் வரும்” என்றார்.

வண்டி வெளிக்கிடும்போது சொன்னார்: “வடக்குப் பக்கம் கூரை ஒழுகும். அந்த மனிசியிட்டைச் சொல்லிவை.”

செப்ரெம்பர் 20, ஞாயிறு

மூன்று நாள் கழுவியும் புகையிலை மணம் போகவில்லை. ஜோசப்பின் அக்கா சொல்கிறார், கருவாடு ஒரு நாள் பொரித்தால் சரியாகிவிடுமாம்.

வள்ளப் பலகை மேசை வந்துவிட்டது. இங்கே தொட்டி இல்லை. எல்லோரும் ஒரே தரையில். ஜோசப்பின் அக்கா பரிமாறிப் பார்த்துவிட்டு, “குனியத் தேவையில்லை, இடுப்புக்கு நல்லம்” என்றார்.

ஒக்ரோபர் 2, வெள்ளி

கடை திறந்து ஐந்தாம் நாள். நான் லீவு போட்டுவிட்டு நின்றேன். மனோகரியின் முதல் வெள்ளிக்கிழமை. கத்தரிக்காய்ப் பால்கறி, முருங்கையிலை வறை, பருப்பு, பயற்றங்காய். விடிய ஐந்து மணிக்கே வந்து, கத்தரீனாவைத் தேங்காய் துருவ வைத்து, ஜோசப்பின் அக்காவை உப்புப் பார்க்க விடாமல், அப்படி ஒரு அதிகாரம்! இந்தப் பெண் எங்கே இருந்தாள் இவ்வளவு காலமும்?

சனம் வந்தது. பதினேழு பெண்கள், நான் எண்ணினேன். இரண்டு பேர் பஸ்ஸில் யாழ்ப்பாணம் போக வெளிக்கிட்டவர்கள், மணத்துக்கு இறங்கிவிட்டார்களாம்.

ஒரு மணிக்குப் பிறகு அண்ணை சைக்கிளில் வந்து பூவரசுக்குக் கீழே நின்றார். தோட்டத்தால் வீட்டுக்குப் போயிருக்கிறார். வீட்டில் அடுப்புப் பற்றவில்லை.

“மனோகரி, சோறு?” என்றார் அங்கே நின்றபடியே.

“இஞ்சைதான் இருக்கு. வந்து இருங்கோவன்” என்றாள் இவள் உள்ளே இருந்து.

அவர் வரவில்லை, போகவுமில்லை. றோட்டைப் பார்த்தார். மேலே பார்த்தார். சைக்கிள் மணியை ஒரு தரம் சும்மா அடித்துப் பார்த்தார். கடைசியில் ஜோசப்பின் அக்காதான் ஒரு கோப்பையில் சோறு போட்டு, கறி எல்லாம் வைத்து, வெளியே கொண்டுபோய் நீட்டினார். அண்ணை அந்தக் கையைப் பார்த்தார். வாங்கினார். சைக்கிள் கரியரில் சாய்ந்தபடி, பஸ்ஸில் போகிற சனம் எல்லாம் பார்க்க, முழுவதையும் சாப்பிட்டார்.

நாளைக்கு வெளியில் இருந்து சாப்பிட ஒரு வாங்குப் பலகை போட வேண்டும்.